வந்த கப்பலும் வராத கப்பலும்

கடல் கடந்து வாழும் மக்களின் வரலாறு கடற்கரையில் தொடங்குகிறது. எந்த நாளில், எந்தத் துறையில், எந்தக் கப்பலில், எத்தனை பேர் வந்திறங்கினர் என்பனவே அவ்வரலாற்றின் முதல் வினாக்கள். அவற்றுக்கு விடை தருவன துறைமுகப் பதிவுகள். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரைப் பற்றி எழுதப்பெறும் கட்டுரைகளும் பாடநூல்களும் இப்பதிவுகளின் மேல்தான் எழுப்பப்பட்டுள்ளன. சிறுகதைகளும் புதினங்களும் கூட அவற்றிலிருந்தே தம் கால்கோளைப் பெறுகின்றன. ஆயினும் அப்பதிவுகளை எவ்வாறு படித்தல் வேண்டும் என்பது பற்றித் தமிழில் எழுந்த ஆராய்ச்சி மிகக் குறைவு. எண்ணைக் கண்டவுடன் அதனை உண்மையெனக் கொள்வதும், கதையைக் கண்டவுடன் அதனைக் கற்பனையெனத் தள்ளுவதும் மாணவரிடையே வேரூன்றிய பழக்கங்கள். இரண்டும் ஆராய்ச்சிக்கு உதவா.

பதிவும் ஒருவகை எழுத்தே. எழுத்தாயின், அதனை எழுதியவர் உண்டு. எழுதியதற்கு நோக்கம் உண்டு. நோக்கத்திற்கு அப்பாற்பட்டு விடுபட்டவையும் உண்டு. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, இது யார் கூற்று, யாரை நோக்கிய கூற்று, இதில் கூறாது விடப்பட்டது யாது என்று திறனாய்வாளர் வினவுவர். அவ்வினாக்களைத் துறைமுக ஏட்டின் முன்னும் வைக்கலாம். அங்ஙனம் வைத்துப் பார்க்கும்போது, கப்பல் வருகையைக் கூறும் எழுத்துகள் மூவகையாகப் பிரிகின்றன. சுங்கம் கொள்வோர் நோக்கில் அமைந்தவை ஒருவகை. கரையில் காத்திருந்தோர் நோக்கில் அமைந்தவை மற்றொரு வகை. வந்தோரின் தலையை எண்ணியோர் நோக்கில் அமைந்தவை மூன்றாம் வகை. இம்மூன்றையும் ஒப்பிட்டு, அவற்றுள் மனிதருக்குக் கிடைத்த இடம் யாது எனக் காண்பது பயனுடையது.

சுங்கம் கொள்வோர் நோக்கு

தமிழில் துறைமுகத்தை விரிவாகக் காட்டும் பழைய நூல் பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூல் காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டகசாலையைக் கண்முன் நிறுத்துகிறது. கடலிலிருந்து கரைக்கு ஏறும் பொருளும், கரையிலிருந்து கடலுக்கு இறங்கும் பொருளும், அவற்றின்மேல் புலிப் பொறி இடும் காவலரும் அங்கே காட்சி தருகின்றனர். குதிரையும் மிளகும் பொன்னும் மணியும் முத்தும் பவளமும் வரிசையாக அடுக்கப்படுகின்றன. ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும் அவ்வரிசையில் இடம் பெறுகின்றன. காழகம் என்பது கடாரம் என நச்சினார்க்கினியர் பொருள் கொண்டார். அக்கடாரம் இன்றைய கெடா என்பதால், இந்நாட்டுத் தமிழ் மாணவர் அவ்வரியைப் பெருமையுடன் சுட்டுவது வழக்கம்.

பெருமை கொள்வதில் தவறில்லை. ஆனால் அவ்வரிசையை நிதானமாகப் படிப்பவர் ஒன்றை உணர்வர். அங்கே பொருளுக்குப் பிறந்த ஊர் கூறப்படுகிறது. அப்பொருளைக் கொண்டுவந்தவருக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. கடாரத்திலிருந்து ஆக்கம் வந்தது. அதனைச் சுமந்த கப்பலில் யார் வந்தார் என்பதைப் பாட்டு கேட்கவில்லை. பல மொழி பேசுவோர் கலந்து இனிது உறையும் நகரம் என்று அந்நூல் பாராட்டினும், அவர்களை ஒருங்கே திரளாகவே காட்டுகிறது. இது புலவரின் குறை அன்று. மன்னனின் வளத்தைப் புகழ்வது அப்பாட்டின் நோக்கம். வளத்தின் அளவுகோல் பொருள். ஆதலின், பொருளே பாட்டின் கண்ணில் பட்டது.

இந்நோக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் மாறவில்லை என்பதைச் சுமத்திராவின் மேற்குக் கரையில் கிடைத்த ஒரு கல்வெட்டு மெய்ப்பிக்கிறது. பாரூசுக்கு அண்மையில் உள்ள லோபு துவாவில் 1873இல் கண்டெடுக்கப்பட்ட அக்கல்வெட்டு, தமிழ் மொழியில், சகம் 1010ஆம் ஆண்டில், அதாவது 1088இல் பொறிக்கப்பட்டது. திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் கூடி எடுத்த முடிவை அது கூறுகிறது. அங்கு வந்து சேரும் மரக்கலத்தின் தலைவரும் கப்பலோரும் கத்தூரி விலையோடு ஒப்பிட்டு வகுத்த பொன்னைச் செலுத்துதல் வேண்டும். அதன் பின்னரே விரித்த பாவாடையில் அடியெடுத்து வைத்தல் வேண்டும். கருப்பூரம் விளையும் அந்தத் தொலைதூரக் கரையில் தமிழ் வணிகர் தமக்கென ஒரு துறையையும், அத்துறைக்கென ஒரு முறையையும் வைத்திருந்தனர் என்பதற்கு அது வலிய சான்று.

வரவேற்பும் வரியும் ஒன்றாய் நிற்கும் காட்சி அது. கால் பதிக்கத் துணி விரிக்கப்படுகிறது. கால் பதிக்கும் முன் கை நீட்டப்படுகிறது. வருவோர் பற்றி அக்கல் அறிய விரும்புவது, அவர் செலுத்தவேண்டியதைச் செலுத்தினாரா என்பது மட்டுமே.

மலாக்காத் துறைமுகத்திலும் இதுவே நிலை. 1512க்கும் 1515க்கும் இடையில் அங்கிருந்து எழுதிய போர்த்துகீசியரான தோமே பிரெஸ், மலாய்ச் சுல்தான்கள் காலத்தில் நான்கு ஷாபந்தர்கள் இருந்ததைக் குறிக்கிறார். வந்த கப்பல் எத்திசைக்கு உரியதோ அத்திசைக்கு உரிய ஷாபந்தர் அதனை ஏற்றார். மேற்குத் திசைப் பொருள்களை மதிப்பிடப் பத்து வணிகர் அமர்ந்தனர் என்றும், அவர்களுள் ஐவர் கெலிங்கர் என்றும் அவர் கூறுகிறார். கெலிங்கர் எனப்பட்டோர் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற வணிகர். தமிழர் அத்துறையில் எத்துணைச் செல்வாக்குடன் இருந்தனர் என்பதற்கு இச்செய்தி போதும். எனினும் இங்கும் கப்பல் என்பது சரக்கு. கப்பலில் வந்தவர் அச்சரக்கின் உரிமையாளர். சரக்கில்லாமல் வந்தவருக்கு அவ்வேட்டில் இடமில்லை.

காத்திருந்தவர் நோக்கு

தமிழில் கப்பல் வருகையை முற்றிலும் வேறான கண்ணோடு பார்த்த ஒருவர் 18ஆம் நூற்றாண்டில் தோன்றினார். அவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் பிறந்து, புதுச்சேரியில் வணிகராக வளர்ந்து, 1747 முதல் ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாசியாக விளங்கிய அவர், 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1761இல் அவர் மறைவதற்குச் சிறிது முன்வரை அது தொடர்ந்தது. 1846இல் வெளியுலகின் கவனத்திற்கு வந்த அக்குறிப்பு, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டது. தமிழ் உரைநடை வரலாற்றில் அதற்குரிய இடம் இன்னும் முழுமையாக வழங்கப்படவில்லை.

அந்நாட்குறிப்பைப் போர்களின் வரலாறாகப் படித்தவர் பலர். அரண்மனைச் சூழ்ச்சிகளின் வரலாறாகப் படித்தவரும் உளர். அதனைக் கப்பல்களின் வரலாறாகப் படித்தால் மற்றொரு நூல் கிடைக்கிறது. புதுச்சேரிக்குக் கப்பல் அணையும் மேடை அக்காலத்தில் கிடையாது. கப்பல்கள் கரைக்குச் சற்றுத் தொலைவில், திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்றன. அலையைக் கடந்து அவற்றை அடையப் படகும் கட்டுமரமும் வேண்டும். ஆதலின் கப்பல் வருகை என்பது ஒரு கணத்தில் முடியும் செயல் அன்று. முதலில் அடிவானத்தில் பாய் தெரியும். அது எந்த நாட்டுக் கப்பல் என்னும் ஐயம் எழும். கொடி தெரிந்த பின் ஐயம் தீரும் அல்லது அச்சம் பெருகும். பீரங்கிகள் முழங்கும். கடிதம் கரை சேரும். அதன் பின்னரே சரக்கு இறங்கும். இந்த இடைவெளியைத்தான் ஆனந்தரங்கர் எழுதினார்.

தமிழ் ஆண்டு, மாதம், நாள், கிழமை, பொழுது ஆகியவற்றைக் குறித்து, எங்கிருந்து வந்த கப்பல், யார் அதன் தலைவர், எத்தனை பீரங்கி வெடித்தது என்று அவர் கணக்கிடுகிறார். இவ்வளவில் நின்றிருப்பாராயின் அவரும் துறைமுக எழுத்தர் ஆகியிருப்பார். அவர் நிற்கவில்லை. கப்பல் செய்தி கேட்டவுடன் ஆளுநர் முகம் எவ்வாறு மாறியது, யார் யாரிடம் என்ன பேசினர், கடைத்தெருவில் என்ன வதந்தி உலவியது என்பவற்றையும் அதே மூச்சில் எழுதுகிறார். அவருக்குக் கப்பல் ஒரு பொருள் அன்று; அது ஒரு நிகழ்ச்சி. அதனால் பாதிக்கப்படும் மனங்கள் அதனைவிட அவருக்கு முக்கியம்.

இதற்குக் காரணம் அவருடைய தொழிலிலேயே உள்ளது. பிரெஞ்சுக் கும்பெனி ஐரோப்பாவிலிருந்து வெள்ளி கொண்டுவந்து இக்கரையில் துணி வாங்கியது. வெள்ளி வந்தால்தான் வணிகருக்கு முன்பணம். முன்பணம் கிடைத்தால்தான் நெசவாளருக்குத் தறி ஓடும். கப்பல் தவறினால் புதுச்சேரித் தெருவில் மட்டுமன்றி, உள்நாட்டு நெசவூர்களிலும் அடுப்பு அணையும். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்குமுன் கப்பல்கள் வந்தாக வேண்டும். வராவிடில் அந்த ஆண்டு போயிற்று. வாழ்வு முழுவதும் கப்பலை நம்பி நின்ற ஒருவர் அதனை எழுதும்போது, அவ்வெழுத்தில் எதிர்பார்ப்பு கலவாமல் இருக்க முடியாது. ‘ஆனந்தப் புரவி’ என்னும் பெயருடைய ஒரு கப்பலுக்கும் அவர் உரிமையாளராக இருந்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இங்குதான் நாட்குறிப்பின் தனிச்சிறப்பு வெளிப்படுகிறது. துறைமுக ஏடு வந்த கப்பலை மட்டுமே எழுத வல்லது. வராத கப்பலுக்கு அதில் வரிசை எண் இல்லை, கட்டமும் இல்லை. நாட்குறிப்போ வராத கப்பலையும் எழுதுகிறது. 1744இல் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டபின், ஆங்கிலக் கப்பற்படை வங்கக் கடலில் உலவியது. புதுச்சேரிக்கு வரவேண்டிய கப்பல்கள் தடைப்பட்டன. அந்நாள்களின் குறிப்புகளில் நகரம் முழுவதும் கடலைப் பார்த்தவாறு நிற்கிறது. 1746 சூலையில் லா பூர்தொன்னேயின் கப்பற்படை வந்து சேர்ந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு, முன்னைய வறட்சியை அறிந்தவரே பொருள் காண முடியும். அவ்வாண்டு செப்டம்பரில் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அக்டோபரில் எழுந்த புயல் சென்னைக் கடலில் நின்ற அக்கப்பற்படையைச் சிதைத்தது. வருகை, வெற்றி, அழிவு என்னும் மூன்றும் நான்கு திங்களுக்குள் அடங்கிவிட்டன.

இறுதிப் பகுதி இன்னும் ஆழமானது. 1758 ஏப்ரலில் படைத்தலைவர் லாலி வந்திறங்கினார். அவருக்குத் துணைநின்ற கப்பற்படைத் தலைவர் தாஷே 1759இல் புதுச்சேரியை விட்டு மொரீசியசுக்குச் சென்றார். அப்படை மீண்டும் வரவே இல்லை. ஆங்கிலேயர் நிலத்திலும் நீரிலும் நகரைச் சூழ்ந்தனர். 1761 சனவரி 16ஆம் நாள் புதுச்சேரி வீழ்ந்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன்னரே ஆனந்தரங்கர் கண்மூடினார். கால் நூற்றாண்டுக் காலம் கப்பல்களை எதிர்நோக்கி எழுதிய அந்த ஏடு, வராத ஒரு கப்பற்படையின் நிழலில் முடிவடைந்தது. எந்தப் புதின ஆசிரியரும் இத்தகைய முடிவைத் திட்டமிட்டு அமைத்தல் அரிது. வாழ்க்கை தானே அமைத்த முடிவு அது.

நாட்குறிப்பின் மொழியைக் குறைகூறுவோர் உண்டு. பிரெஞ்சுச் சொல்லும் போர்த்துகீசியச் சொல்லும் பாரசீகச் சொல்லும் பேச்சுத் தமிழோடு கலந்து கிடக்கும் அந்நடையைத் தூய தமிழ் எனக் கூற இயலாது. ஆயினும் அது துறைமுகத்தின் தமிழ். கப்பல் எந்தச் சொல்லோடு வந்து இறங்கியதோ, அந்தச் சொல்லையே அவர் எடுத்துக்கொண்டார். புலமை நடையில் எழுதியிருப்பாராயின், கரையில் நின்றவரின் பதற்றம் யாப்பின் ஒழுங்கில் அடங்கிப்போயிருக்கும்.

அவர் குறைகளும் மறைக்கத்தக்கன அல்ல. தம் செல்வாக்கைப் பெரிதாக்கிக் காட்டும் விருப்பம் அவரிடம் உண்டு. தமக்குப் போட்டியாளராக இருந்தோரிடம் அவர் நடுநிலையோடு நடந்துகொண்டார் என்று கூற இயலாது. அவர் கண் பெரும்பாலும் மாளிகைப் பக்கமே திரும்பியிருந்தது. எனினும், ஏழை மக்களை ஏமாற்றிப் பிடித்து, அடிமைகளாகக் கப்பலேற்ற முயன்ற கொடுமையையும் 1743ஆம் ஆண்டுக் குறிப்பில் அவர் பதிந்துள்ளார். பிற்காலத்தில் தமிழகக் கரையிலிருந்து கப்பலேறிய இலட்சக் கணக்கான எளியோரின் கதைக்கு அது ஒரு முன்னுரை போல அமைந்துள்ளது. துணியும் வெள்ளியும் ஏறிய கப்பல்களில் மனிதர் சரக்காக ஏறத் தொடங்கிய காலத்தை அவ்வேடு தொட்டுக் காட்டுகிறது.

தலை எண்ணியோர் நோக்கு

பினாங்கு 1786இலும் சிங்கப்பூர் 1819இலும் ஆங்கிலேயர் துறைமுகங்களாயின. அங்கே அச்சடிக்கப்பட்ட முதற் செய்தித்தாள்கள் வணிகர்க்காகவே பிறந்தன. 1806இல் பினாங்கிலும் 1824இல் சிங்கப்பூரிலும் செய்தித்தாள் தோன்றியது. 1845இல் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ தொடங்கப்பட்டது. வந்த கப்பல், சென்ற கப்பல் என்னும் பட்டியல் அவற்றின் இன்றியமையாத பகுதி. கப்பலின் பெயர், எடை, தலைவர், புறப்பட்ட துறை, வந்த நாள் என்னும் ஒழுங்கில் அது அமைந்தது. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் அப்பழைய இதழ்களை மின்வடிவில் பொதுமக்களுக்குத் திறந்துவைத்துள்ளமையால், மாணவர் எவரும் அவற்றை நேரிற் காணலாம்.

அப்பட்டியல்களில் பயணிகள் பற்றிய பகுதி ஊன்றி நோக்கத்தக்கது. அறைப் பயணிகளுக்குப் பெயர் உண்டு. துரை, துரைசானி, பிள்ளைகள் என்று முறைப்படி அச்சிட்டிருப்பர். அதன்பின் மேல்தளப் பயணிகள் இத்தனை பேர் என்று ஓர் எண் மட்டும் வரும். பத்துப் பேருக்குப் பத்துப் பெயர். அறுநூறு பேருக்கு ஓர் எண். அந்த அறுநூறு பேரே பின்னர்க் காடழித்தனர், இருப்புப் பாதை அமைத்தனர், பால்மரம் வெட்டினர். அவர்தம் வழித்தோன்றல்களே இன்று அப்பட்டியலைப் புரட்டுகின்றனர். புரட்டுவோர் தம் பாட்டனைத் தேடுகின்றனர். காண்பது ஓர் எண்ணை.

விதிவிலக்குகளும் உண்டு. 1819 மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை சிங்கப்பூருக்கு வந்த ‘இந்தியானா’ கப்பலில் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, கப்பலோடு பெயர் இணைத்து நினைக்கப்பெறும் தொடக்கக் காலத் தமிழர். அவருடைய பெயர் நிலைத்ததற்குக் காரணம், அவர் வந்தமை மட்டும் அன்று. பின்னர்ச் செங்கற் சூளை வைத்து, வணிகம் நடத்தி, கோயில் எழுப்பியமையே. பெயர் பெறுவதற்குப் பொருள் வேண்டியிருந்தது. பட்டினப்பாலை காலத்து விதி அப்போதும் மாறவில்லை.

இது எல்லா நாடுகளுக்கும் பொதுவான நிலை அன்று என்பதையும் கருதுதல் வேண்டும். 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டிரூரோ’ கப்பல் நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. அது முதல் நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளரின் கப்பற் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் எண்ணோடு பெயரும், தந்தை பெயரும், அகவையும், ஊரும், சாதியும் எழுதப்பட்டன. பிஜிக்குச் சென்றோர்க்கும் அத்தகைய சீட்டுகள் இருந்தன. அப்பெயர்களும் எழுத்தரின் காதில் விழுந்தவாறு சிதைந்தே எழுதப்பட்டன என்பது உண்மை. எனினும் பெயர் இருந்தது. மலாயாவுக்கோ பயணம் சில நாள்களே. ஒப்பந்த முறை 1910இல் இங்கு முடிவுற்றது. கங்காணி முறையே ஓங்கி நின்றது. கங்காணிக்கு வழங்கிய உரிமச் சீட்டில் அவர் எத்தனை பேரை அழைத்துவரலாம் என்பது குறிக்கப்பட்டது. ஆகவே மலாயாத் தமிழர் வரலாறு எழுதுவோர் பெரிதும் எண்ணிக்கைப் பட்டியல்களையே நம்ப நேர்ந்துள்ளது.

அவ்வெண்ணிக்கைதானும் நேரான பொருள் உடையது அன்று. கெர்னியல் சிங் சாந்து 1969இல் வெளியிட்ட ஆய்வு, மலாயாவுக்கு வந்த இந்தியரின் வருகைகள் 40 இலட்சத்திற்கும் மேற்பட்டன என்று காட்டியது. 1957ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த இந்தியரோ 8 இலட்சத்திற்குச் சற்று மேற்பட்டவர். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து, எஞ்சிய அனைவரும் மாண்டனர் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அது பதிவைப் படிக்கத் தெரியாமையின் விளைவு. துறைமுக ஏடு எண்ணியது ஆள்களை அன்று, வருகைகளை. மூன்றாண்டு உழைத்து ஊர் திரும்பி, மீண்டும் வந்தவர் இருமுறை எண்ணப்பட்டார். வந்தோருள் பெரும்பகுதியினர் திரும்பிச் சென்றனர். 1930ஐ ஒட்டி ரப்பர் விலை வீழ்ந்தபோது பல்லாயிரவர் திருப்பி அனுப்பப்பட்டனர். மலேரியாவும் பிற நோய்களும் பலரைக் கொன்றன என்பதில் ஐயமில்லை. அந்த இறப்பு பெரிது, துயரமும் பெரிது. ஆனால் துயரத்தின் அளவைக் கூட்டிச் சொல்வதால் மாண்டவர்க்குப் பெருமை சேராது. சரியாகச் சொல்வதே அவர்க்குச் செய்யும் மரியாதை.

கப்பல்களுள் மக்கள் நினைவில் நிலைத்தது ‘ரஜூலா’. 1926இல் கடலில் இறங்கிய அக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்னும் வழியில் 1973 வரை ஓடியது. தொடக்கத்தில் 5,000க்கு மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. அதனோடு பிறந்த ‘ரோனா’ போரில் படையினரை ஏற்றிச் சென்றபோது, 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் குண்டு வீச்சால் மூழ்கியது. அந்த ஒரு நாளின் அழிவைப் பற்றிப் பல நூல்கள் எழுந்துள்ளன. அரை நூற்றாண்டுக் காலம் ‘ரஜூலா’வில் வந்து சென்ற தமிழரைப் பற்றி அத்துணை எழுத்து எழவில்லை. பின்னர் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985இல் தீப்பற்றியதோடு அக்கடல் வழியே பயணிகளுக்கு முடிந்தது.

கதைகளின் கடன்

இங்கே இலக்கியத்தின் பொறுப்பு எழுகிறது. பதிவு விட்டதை இலக்கியம் நிரப்பும் என்பது பலரும் கூறும் கருத்து. ஆயினும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் கதைகளில் வரும் கப்பற் காட்சிகளைத் தொகுத்துப் பார்த்தால், அக்கருத்தை அப்படியே ஏற்கத் தயக்கம் உண்டாகிறது. பல கதைகளில் கப்பல் ஒரே வகையாக வருகிறது. பணம் மரத்தில் காய்க்கும் என்னும் கங்காணியின் ஆசைமொழி, மேல்தளத்தில் நெருக்கம், வாந்தி, தனிமை முகாமில் மருந்துக் குளியல், பின்னர்த் தோட்டத்து லாரி என்னும் வரிசை மாறுவதில்லை. கப்பலில் வந்தோர் அனைவரும் ‘அவர்கள்’ என்னும் ஒரே சொல்லில் அடங்குகின்றனர். பத்திரிகைப் பட்டியல் அறுநூறு என்று எழுதியதை, கதை ‘அவர்கள்’ என்று எழுதுகிறது. எண் போய்ச் சொல் வந்தது, ஆள் வரவில்லை.

இவ்விடத்தில் எழுத்தாளர் ஆனந்தரங்கரிடம் கற்கத்தக்கது ஒன்று உண்டு. கப்பலைப் பற்றி எழுதுவது எளிது. கப்பலுக்காகக் காத்திருந்தவரைப் பற்றி எழுதுவது அரிது. மலாயாத் தமிழர் வாழ்வில் காத்திருப்பு இருகரையிலும் இருந்தது. நாகையில் மகனை வழியனுப்பிய தாய் ஒரு கரை. தோட்ட வரிசை வீட்டில் மனைவியின் வரவை நோக்கியிருந்த தொழிலாளி மறு கரை. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் பயணத்தைத் தடை செய்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் 1945 வரை, தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே வழக்கமான கப்பல் ஓடவில்லை, பணம் போகவில்லை, கடிதமும் போகவில்லை. சயாம் இருப்புப் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்டவரின் குடும்பத்தினர், அவர் இன்னும் இருக்கிறார் என்றெண்ணி ஊரில் காத்திருந்தனர். துறைமுக வருகைப் பட்டியலில் அவ்வாண்டுகளுக்கு எழுதுவதற்கே ஒன்றுமில்லை. இலக்கியத்திற்கோ எழுதத் தீராத பொருள் அங்கேதான் உள்ளது.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ இத்திசையில் முன்னே நிற்கும் நூல். 1972இல் வெளிவந்த அப்புதினத்தில், போர்க்காலத்தில் நீரிணையைத் தொங்கானில் கடக்கும் பயணம் இடம்பெறுகிறது. அதில் செல்வோர் திரள் அல்லர். ஒவ்வொருவருக்கும் ஊர் உண்டு, பேச்சு உண்டு, நினைவு உண்டு. மதுரைத் தெருக்களும் மேடான் தெருக்களும் அவர்களுள் ஒருங்கே வாழ்கின்றன. எந்த ஷாபந்தரும் துறைமுக எழுத்தரும் ஏட்டில் ஏற்றியிராத ஒரு வருகையை அந்நூல் ஏற்றிவிட்டது. பதிவில்லாத இடத்தில் பதிவாக நிற்பது என்பதற்கு அது தக்க எடுத்துக்காட்டு.

ஆயின், பதிவைப் புறக்கணித்துவிட்டு உணர்ச்சியை மட்டும் நம்புவதும் வழியன்று. ‘ரஜூலா’ பிறக்கும் முன்னரே அதில் வந்திறங்கும் பாத்திரங்களும், போர்ட் சுவெட்டன்ஹாம் துறை திறக்கப்பட்ட 1901க்கு முன்னரே அங்குக் கால்வைக்கும் பாத்திரங்களும் கதையின் நம்பகத்தைக் குலைப்பர். நாள், துறை, கப்பல் ஆகிய மூன்றையும் பதிவிடம் கேட்டுப் பெறுதல் எழுத்தாளரின் கடமை. அம்மூன்றும் கூறாத முகத்தை வரைதல் அவருடைய உரிமை. கடமையை விட்டவர்க்கு உரிமை நிலைக்காது.

தமிழாசிரியர் இதனை வகுப்பறையிலேயே தொடங்கலாம். பழைய செய்தித்தாளின் கப்பற் பட்டியல் ஒன்றையும், பட்டினப்பாலையின் துறைமுகப் பகுதியையும், ஆனந்தரங்கரின் ஒருநாட் குறிப்பையும் மாணவர் முன் வைத்தால் போதும். யார் எழுதினார், எதற்காக எழுதினார், யாருக்குப் பெயர் கொடுத்தார், யாரை எண்ணாக்கினார், யாரை எண்ணாமலே விட்டார் என்னும் ஐந்து வினாக்களுக்கு அவர்கள் விடை தேடட்டும். வரலாற்றுப் பாடமும் இலக்கியப் பாடமும் அங்கே ஒன்றாகும். பின்னர் வீட்டில் எஞ்சியுள்ள பழைய கடப்பிதழையும் கப்பற் சீட்டையும் மங்கிய நிழற்படத்தையும் தேடி எடுத்து, அவற்றுக்கு உரியவரின் பெயர், ஊர், வந்த ஆண்டு ஆகியவற்றை எழுதச் சொல்லலாம். கப்பலில் வந்த தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவர்களிடம் நேரிற் கேட்டவர்களின் தலைமுறையும் முதுமை எய்திவிட்டது. இன்னும் ஒரு தலைமுறை சென்றால், அக்கடப்பிதழில் இருப்பவர் யார் என்று கூறவும் ஆள் இராது.

துறைமுக எழுத்தர் தம் பணியைச் செய்தார். அறுநூறு என்று எழுதி ஏட்டை மூடினார். அவரைக் குறைகூறுவதால் பயனில்லை. அந்த அறுநூறில் ஒருவருக்கேனும் பெயரைத் திரும்பப் பெற்றுத் தருவது, அவர் மொழியை இன்றும் எழுதுவோர்க்கு எஞ்சியுள்ள பணி.